சயாமுக்குப் போனவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போட்ட மரண ரயில் பாதையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் எங்கே தொடங்குவது, என்ன கேட்பது, கேட்டதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்கள், அதற்குள் கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். மலேசியாவில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கதையைக் கேட்பதற்கு முன்னால் பெயர்களைக் கேளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று கேட்டால், தாய்லாந்தில் காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர்க்கல்லறைத் தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று கிட்டத்தட்ட 7 ஆயிரம் போர்க்கைதிகள் அங்கே கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது எல்லாம் இருக்கிறது, சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரியும் இருக்கிறது. இது தானாக நடந்துவிடவில்லை. முகாம்களில் இருந்த கைதிகள் யார் எப்போது செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு 1945 செப்டம்பரில் ஒரு தேடுதல் குழு அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு பாதை நெடுகப் போய் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கு அப்படி எழுதி வைக்கவும் யாரும் இல்லை, தேடிப் போகவும் யாரும் இல்லை. மொத்த மொத்தமாகக் குழியில் போட்டு மூடியதுதான், ஆற்றோரம் விட்டு வந்ததுதான்.

விவரம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. பர்மாவுக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிப் போனதால், சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர் காட்டுக்குள் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12 ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு இருப்பார்கள் என்பதுதான் பொதுவான கணக்கு, பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், நம்மவர்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள், அதில் பெரும்பகுதி கித்தா (ரப்பர்) தோட்டத்துத் தமிழர்கள். 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கொய்த்தாவில் வந்து சேர்ந்தது. செத்த ஆசியர்களின் கணக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, பலர் 90 ஆயிரம் என்கிறார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் உறுதியாக நிற்காது.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் தாத்தாவின் அண்ணன். அவர் சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை, வீட்டில் இவ்வளவுதான் தெரியும். அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை, 'பெரியவரு' என்றுதான் பேச்சு. தாத்தா இறந்த பிறகுதான் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம் வந்தது. அப்போது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சயாம் போய் வந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள், போகும்போது பதினாறு பதினேழு வயதுப் பையன்களாக இருந்தவர்கள்.

அவர்களிடம் போய் "சயாமைப் பற்றிச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "அதெல்லாம் என்னாத்துக்கு தம்பி இப்ப, போனதெல்லாம் செத்துப் போச்சுங்க, நாங்க நாலு பேரு வந்தோம்." அவ்வளவுதான், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இதை மறதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபது வருடமாக யாரும் கேட்காத ஒன்றை ஒரே கேள்வியில் திறந்துவிட முடியாது.

எனக்குக் கை கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். தோட்டத்துப் பழைய லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, அதில் கோடு போட்டு வரைந்து, கதவு கதவாகப் பெட்டி போட்டு, "உங்க வீடு எது தாத்தா?" என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். "இது எங்கூடு. இந்தப் பக்கம் மேஸ்திரி வூடு. இந்தாண்ட குப்பம்மா, அவ புருசன் வந்து..." என்று ஆரம்பித்து அந்த வரிசை முடிகிறவரைக்கும் நிறுத்தவில்லை. எந்தக் கதவிலிருந்து யார் போனார், யார் அண்ணன் தம்பி இரண்டு பேராகப் போனார், எந்த வீட்டில் புருசன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு போனார்கள், எந்தக் கதவு போர் முடிந்த பிறகு பூட்டியே கிடந்தது, எல்லாம் வந்தது. அப்புறம் பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), கோயில், ஆயாக் கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), லாரி வந்து நின்ற இடம் எல்லாவற்றையும் அவரே வரைந்தார். துன்பத்தைச் சொல்லுங்கள் என்றால் வாய் அடைத்துப்போகிறவர், பக்கத்து வீட்டில் யார் இருந்தார் என்று கேட்டால் பேசுகிறார். உங்கள் ஊரில் லயம் இல்லை, கம்பம் (கிராமம்) என்றால் கம்பத்தை வரையுங்கள். முகாமில் எட்டு மாதம் இருந்தார் என்றால் அந்தக் கொட்டகையை வரையச் சொல்லி, மூங்கில் படுக்கையில் அவருக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் "கம்பார் தோட்டத்துக்காரன், கால் நொண்டி" என்று சொல்வார், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அந்த அடையாளத்தை வைத்தே இன்னொரு வீட்டில் பெயர் கிடைத்த சம்பவம் எனக்கு உண்டு.

பெயர் எழுதும்போது வெறும் பெயர் போதாது. முனியாண்டி என்ற பெயரில் ஒவ்வொரு தோட்டத்திலும் பலர் இருந்திருக்கிறார்கள். அப்பா பெயர், தோட்டம், எந்த லயம், தெரிந்தால் இந்தியாவில் எந்த ஊர், என்ன வேலை, பால் வெட்டுகிறவரா, புல் வெட்டுகிறவரா, சுமாரான வயது, யாரோடு போனார், கடைசியாக யார் எங்கே பார்த்தார். இந்தக் 'கடைசியாகப் பார்த்தது' என்ற வரிக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுப்பேன். செத்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர், செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர் ஒருவர், ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனதைப் பார்த்தவர் ஒருவர், மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும், மூன்றையும் 'இறந்தார்' என்று எழுதினால் தப்பான சரித்திரம் ஆகிவிடும். அங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள், சயாமில் குடும்பம் ஏற்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

பெயர்கள் வந்த பிறகு மற்றது தானாக வரும், ஆனாலும் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. பொருளைப் பிடித்துக் கேளுங்கள். எதில் சாப்பிட்டீர்கள்? எதை உடுத்தினீர்கள்? தண்ணீர் எங்கிருந்து? விளக்குக்கு என்ன செய்தீர்கள்? ஒரு தாத்தாவிடம் சாப்பாட்டுத் தட்டைப் பற்றிக் கேட்டபோது, தகர டின்னை நசுக்கித் தட்டாக்கியது, புழு நெளிகிற அரிசிக் கஞ்சி, கருவாட்டுத் துண்டு, செத்தவனுடைய டின்னுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, கடைசியில் அந்த டின் யாருடையது என்ற இடத்துக்கு வந்து நின்றார். அவருடைய சின்னம்மா மகனுடையது. இதை 'உங்கள் சொந்தக்காரர் எப்படி இறந்தார்' என்று நேரடியாகக் கேட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது, கேட்கவும் எனக்கு மனம் வந்திருக்காது.

போன விதத்தையும் கேட்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஒரே மாதிரிப் போகவில்லை. முதலில் போனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, குடும்பத்தோடு வரலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆங்கிலேயத் துரைமார்கள் ஓடிப்போய், கித்தா வேலை நின்று, தோட்டத்தில் பட்டினி தொடங்கியிருந்த நேரம் அது, அதனால் நம்பிப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பி வராததைப் பார்த்து மற்றவர்கள் ஒளிய ஆரம்பித்ததும், வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டார்கள், லாரியில் வந்து பிடித்தார்கள், இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி வைத்துக் கதவை அடைத்து அப்படியே ரயிலேற்றிய கதையைப் பல ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஒருவர் எந்தக் கட்டத்தில் போனார் என்று தெரிந்தால் அவர் எப்போது போனார் என்பதும் ஓரளவு பிடிபடும்.

தேதி விஷயத்தில்தான் பிள்ளைகள் பெரியவர்களை அதிகமாகச் சந்தேகப்படுகிறார்கள். 1943 மே மாதம் என்று எந்தத் தாத்தாவும் சொல்ல மாட்டார். "தீவாளி கழிஞ்சி", "மக பொறந்து நட நடக்கையில", "கம்பிச்சடக்கு முடியறதுக்கு மின்ன ஒரு மழ, வெள்ளம் வந்து பாலத்த இழுத்துட்டுப் போச்சு" என்றுதான் சொல்வார், கம்பிச்சடக்கு என்றால் ரயில் பாதை. இந்த அடையாளங்களை எழுதிக்கொண்டு பிறகு நாம் பொருத்திப் பார்க்க வேண்டும். போர்க்கைதிகளின் பதிவுகள் இதற்கு மிகவும் உதவும். 1943 மே மாத நடுவில் எல்லையை ஒட்டிய நீக்கே பக்கத்து முகாம்களில் வாந்திபேதி பரவியது அவற்றில் நாள் வாரியாக இருக்கிறது. ரயிலை விட்டு பான் போங்கில் இறங்கி மழையில் பல நாள் நடந்தோம், போய்ச் சேர்ந்த உடனே வாந்திபேதியில் சனம் விழ ஆரம்பித்தது என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த மாதத்தில் எந்தப் பகுதிக்குப் போனார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த வருடத்தின் நடுவில் கே, எல் என்று பெயரிட்ட இரண்டு மருத்துவக் குழுக்களைப் போர்க்கைதிகளிலிருந்து எடுத்து ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள், அவர்கள் எழுதியவற்றில் நம் ஆட்கள் வருகிறார்கள். பெயரோடு இல்லை, கூட்டமாக, நோயாளிகளாக. இருந்தாலும் இடமும் மாதமும் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், கடிகாரம். ஒரு பெரியவர் காலை ஏழு மணிக்குப் பெரட்டு, இருட்டில் போய் நிற்போம் என்று சொன்னபோது அவருடைய பேரன் "ஏழு மணிக்கு எப்படி இருட்டு, தாத்தா கொழப்புறாரு" என்றான். தாத்தா குழப்பவில்லை. ஜப்பான்காரன் ஆட்சியில் மலாயா முழுக்க தோக்கியோ நேரம், கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள், ஏழு மணி இருட்டாகத்தான் இருந்திருக்கும். அதேபோலப் பழைய காகிதங்களில் 2602, 2603 என்று வருடம் போட்டிருந்தால் மிரளாதீர்கள், ஜப்பானிய ஆண்டுக் கணக்கு அது, 660ஐக் கழித்தால் 1942, 1943 என்று வரும். பெரியவர் சொன்னது நமக்குப் பொருந்தாமல் தோன்றினால் முதலில் நம் அறிவைச் சோதித்துப் பார்ப்போம், அவரை இல்லை.

அதற்காக எல்லாமே எழுத்துக்கு எழுத்து உண்மை என்றும் இல்லை. "ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஒரு உசிரு" என்று எல்லாரும் சொல்வார்கள், சிலிப்பர் என்றால் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை. 415 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்து வைத்தாலும் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும், அத்தனை பேர் அங்கே வேலைக்கே போகவில்லை. நான் அந்த வரியை வெட்டுவதில்லை, திருத்துவதும் இல்லை, அது அவர் சொன்னபடியே இருக்கும், கீழே என் குறிப்பாகக் கணக்கைத் தனியாக எழுதுகிறேன். அவருடைய பேச்சில் நம் கை படக் கூடாது. பேச்சு வழக்கை எழுத்து நடைக்கு மாற்றாதீர்கள், கெட்ட வார்த்தை வந்தால் அதுவும் இருக்கட்டும், ஜப்பான்காரன் 'பாகேரோ' என்று திட்டியது இருக்கட்டும், இச்சி, நி, சான் என்று எண்ணிக் காட்டினால் அதுவும் இருக்கட்டும்.

பெண்களிடம் கேட்கிற ஆள் குறைவு. இது எனக்குப் பெரிய வருத்தம். சயாம் என்றால் ஆண்களின் கதை என்று நினைத்துக்கொண்டு பாட்டி அடுப்படியில் இருக்க, தாத்தாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். முதலில், பெண்களும் போனார்கள், பிள்ளைகளோடு போனார்கள். அடுத்து, தோட்டத்தில் விடப்பட்ட பெண்கள் அந்த மூன்றரை வருடத்தை எப்படிக் கடத்தினார்கள் என்பது தனி யுத்தம். பால்மரத்தை விட்டுவிட்டு மரவள்ளி நட்டு, மூன்று வேளையும் அதையே தின்று, துணி இல்லாமல் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு சேலையை மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றி உடுத்தி, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தும் ஒரு குவளை அரிசி கிடைக்காமல், பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு பாட்டி என்னிடம் சொன்னது, "போனவுக செத்தாகளா இருக்காகளான்னு தெரியாம தாலிய என்ன செய்யறதுன்னு தெரியல. மாமியா கழட்டுங்குது, நான் மாட்டேன்னுட்டேன்." அவர் எத்தனையோ வருடம் கழித்து, கணவரோடு போய் வந்த ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் கழற்றினார். அந்தச் சேதி கொண்டுவந்தவரின் பெயரும் அவருக்கு நினைவிருந்தது, எந்தத் தோட்டம் என்றும் தெரிந்தது, அதை வைத்து நான் அடுத்த குடும்பத்துக்குப் போனேன். இறந்தவர்களின் பெயர்கள் பெண்களிடம்தான் அதிகமாக இருக்கின்றன. யார் வீட்டில் யார் வரவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்திய தேசிய இராணுவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்துப் பையன்களும் பெண்களும் படையில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். நாட்டுப்பற்றில் சேர்ந்தவர்களும் உண்டு, சயாமிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு, இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்ததும் உண்டு. எதுவாக இருந்தாலும் குறைத்து எழுத வேண்டாம்.

கடினமான இடம் ஒன்று வரும், தப்பிக்க முடியாது. சயாமுக்கு அனுப்புகிற பட்டியலில் பெயர் எழுதிக் கொடுத்தது யார் என்ற கேள்வி. கிராணி (தோட்டத்து எழுத்தர்), கங்காணி, சில இடத்தில் சொந்தக்காரரே. தன் மகனை மறைத்துவிட்டு அடுத்த வீட்டுப் பையனை அனுப்பியவர் கதை ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது, அந்த இரண்டு குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு ஒரே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பார்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தம்கூடப் பண்ணியிருப்பார்கள். நான் ஒலிப்பதிவில் எதையும் அழிப்பதில்லை. ஆனால் வெளியில் கொடுக்கிற எழுத்துப் பிரதியில் அந்தப் பெயரை விட்டுவிடுகிறேன், முழுப் பிரதியைச் சொன்னவர் குடும்பத்தில் வைத்துவிடுகிறேன். துப்பாக்கி முனையில் நாற்பது பெயர் எழுது என்று நின்றவனிடம் ஒரு கிராணிக்கு என்ன வழி இருந்தது என்றும் எழுதுகிறேன். சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை, எழுது, ஊரறியட்டும் என்கிறார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது, இருந்தும் பதில் சொல்ல ஆள் உயிரோடு இல்லாத இடத்தில் ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுக்க எனக்குச் சம்மதம் இல்லை.

பேசுகிறவரின் உடம்பையும் மனதையும் பார்க்க வேண்டும். ஒரு தடவை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேசினோம், மறுநாள் அவர் மகள் கூப்பிட்டு அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எழுந்து எழுந்து கதவைப் பார்த்தார் என்றார். அதிலிருந்து காலையில் மட்டும்தான், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை, முடிக்கும்போது பேச்சைத் திரும்பி வந்த நாளுக்கோ கல்யாணத்துக்கோ கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அழுதால் ஒலிப்பதிவை நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று தூண்டாதீர்கள். சொன்னதையே வீடியோவுக்காக இன்னொரு தடவை சொல்லச் சொல்வது மகாபாவம் என்று நான் நினைக்கிறேன், காலில் சீழ்ப்புண்ணைக் கரண்டியால் சுரண்டியதை ஒரு மனிதன் இரண்டு தடவை ஏன் சொல்ல வேண்டும்?

நஷ்ட ஈடு கிடைக்குமா என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், கூலி பாக்கி அவர்களுக்கு உண்மையான பாக்கி. பேச உட்காரும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இதனால் பணம் எதுவும் வராது என்று. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்களைக் கொடுப்பதாக உடன்பாடு ஆனது, தண்டவாளம் போட்டவன் வீட்டுக்கு அதில் எதுவும் வரவில்லை. இதைக் கேட்டும் பேசுகிறேன் என்று சொல்பவரிடம்தான் பேச வேண்டும்.

ஒலிப்பதிவுக்குப் பெரிய கருவி வேண்டாம், கைப்பேசி போதும். அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள், கைப்பேசியை மேசைமேல் வைக்காமல் அவர் பக்கத்தில் துணியின்மேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், பிறந்த வருடம், கூட இருப்பவர்கள் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பத்து வருடம் கழித்துக் கோப்பைத் திறப்பவனுக்கு அது வேண்டும். அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், ஒன்றை அந்தக் குடும்பத்துக்கே கொடுங்கள். எழுத்தில் கொண்டுவருவதற்குப் பேசிய நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும், அதற்குச் சலித்துக்கொண்டுதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் முழுவதும் எழுத முடியாவிட்டாலும் பெயர்களையும் இடங்களையும் மட்டுமாவது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்து வைத்துவிடுங்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979இலிருந்து இயங்குகிறது, ஜப்பானிய ஆட்சிக் காலப் பேட்டிகள் நிறைய வைத்திருக்கிறார்கள். நேரம் ஒதுக்கிக் கேட்டுப் பாருங்கள், கேள்வி கேட்கிறவர் எங்கெல்லாம் பேசாமல் காத்திருக்கிறார் என்று கவனித்தாலே பாதி வேலை பிடிபடும்.

சரி, இப்போது போய் வந்தவர்கள் யாருமே இல்லையே என்பீர்கள். உண்மைதான், ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் அப்போது குழந்தைகளாக இருந்தவர்கள் எண்பதுகளில், தொண்ணூறுகளில் இருக்கிறார்கள், அப்பா எந்தப் பக்கம் போனார் என்று கதவோரம் நின்று பார்த்தவர்கள். அவர்களிடம் லயத்தை வரையச் சொல்லுங்கள், அதே வழிதான். வீட்டில் திதி எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள், செத்த நாள் தெரியாமல் அமாவாசையில் படைக்கிற வீடு என்றால் அங்கே ஒரு சயாம் கதை இருக்க வாய்ப்பு அதிகம், படைக்கும்போது சொல்கிற பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். தோட்டக் கோயில் நன்கொடைப் பலகை, தமிழ்ப்பள்ளிப் பழைய வருகைப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை, இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தின் உறை, எதிலும் பெயர் இருக்கும். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களையும் கேளுங்கள், 1941 வரை கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை என்று அங்கே ஒரு வீட்டில் இன்னும் பேச்சு இருக்கும்.

என் தாத்தாவின் அண்ணன் பெயர் அப்படித்தான் கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் இல்லை, மூன்றாவது லயத்து ஒரு பாட்டி தன் புருசனோடு போனவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, எங்கள் வீட்டுக் கதவைக் காட்டி, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். போன வருடம் கோயில் திருவிழாவில் அந்தத் தோட்டத்துப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தோம், கதவு வாரியாக, தெரிந்த பெயர்கள் எல்லாம். அன்றைக்கு ஈப்போவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தாளை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டாவது லயத்தில் ஏழாவது கதவு காலியாக விட்டிருக்கிறீர்களே, அது எங்கள் அப்பா வீடு, அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள் என்று சொல்லி இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தார். அடுத்த அச்சில் அவற்றைச் சேர்த்துவிட்டோம். அவருடைய அத்தை கோலாலம்பூரில் இருக்கிறாராம், தொண்ணூற்று மூன்று வயது, ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த வாரம் வெள்ளைத்தாளோடு அவரைப் பார்க்கப் போகிறேன்.